பெரிய திடலில் பெண்களின் முறை



சில காலத்திற்கு முன் ஒரு தோட்டத்தின் விளையாட்டு விழாவிற்கு நம்மை அழைத்திருந்தார்கள். எந்தத் தோட்டம் என்று சொல்ல வேண்டியதில்லை. கேட்டுக்கொண்டிருப்பவர்களில் பலர் "இது நம் தோட்டமோ?" என்று எண்ணக்கூடும், எண்ணினாலும் தவறில்லை. காலையில் சாக்கு ஓட்டம், கரண்டியில் எலுமிச்சம்பழம் ஏந்தி ஓடுதல், தாய்மார்களுக்குக் கயிறு இழுத்தல் எல்லாம் நடந்தன. பிற்பகலில் இரண்டு காற்பந்து ஆட்டங்கள். நான்கு மணிக்குப் பெண்பிள்ளைகளின் ஆட்டம், ஐந்தரைக்கு இளைஞர்களின் ஆட்டம் என்று அறிவித்திருந்தார்கள்.

மூன்றே முக்காலுக்கே இளைஞர்கள் சட்டை மாற்றிக்கொண்டு திடலில் இறங்கிவிட்டார்கள். வெளித்தோட்டத்துக் குழு சீக்கிரம் திரும்ப வேண்டுமாம். வந்த லோரி காத்திருக்கிறதாம். ஆகவே பெண்பிள்ளைகள் தமிழ்ப்பள்ளிக்குப் பின்னால் உள்ள வெற்றிடத்தில் ஆடட்டும் என்று முடிவாயிற்று. அங்கே கோல் கம்பம் இல்லை. இரண்டு பக்கமும் வாளிகளைக் கவிழ்த்து வைத்தார்கள். தரை முழுவதும் செம்மண்ணும் சரளைக்கல்லும். கோல் காவலுக்கு நின்ற பெண் பந்தைப் பிடிக்கப் பாய்ந்தாள். முழங்கால் கிழிந்து இரத்தம் வழிந்தது. நாம் அந்த வேளையில் எங்கே இருந்தோம் என்றால், பெரிய திடலின் ஓரத்தில், நாற்காலியில். அதையும் ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

அந்தப் பெண்ணின் தாயார் பால்மரம் வெட்டுபவர். மகளின் காலைக் கழுவிவிட்டு நேரே நம்மிடம் வந்தார். "ஐயா, அது தோட்டத்துத் திடல்தானே? என் மகளும் தோட்டத்துப் பிள்ளைதானே?" என்று கேட்டார். குரலில் கோபம் இல்லை. கணக்குப் புரியாதவர் கிராணியிடம் கேட்பதுபோல் கேட்டார். பக்கத்தில் இருந்த விளையாட்டு மன்றத்துப் பெரியவர் ஒருவர் குறுக்கிட்டார். அவர் நல்ல மனிதர். பெண்பிள்ளைகளுக்குப் பந்து வாங்கிக் கொடுத்தவரே அவர்தான். "அப்படி இல்லை அம்மா. பொம்பளைப் பிள்ளைகள் ஆட்டத்தைப் பார்க்க எத்தனை பேர் வருவார்கள்? கூட்டம் வருகிற ஆட்டத்துக்குத்தானே நல்ல திடல் கொடுக்க முடியும்?" என்றார்.

நேயர்களே, அந்தப் பெரியவர் சொன்ன அதே சொல்லைத்தான் உலகத்தின் மிகப் பெரிய காற்பந்து மன்றங்களும் நெடுங்காலமாகச் சொல்லி வந்தன. அறுபதாயிரம் பேர், எழுபதாயிரம் பேர் அமரக்கூடிய அரங்கங்களைக் கட்டி வைத்திருக்கும் மன்றங்கள் அவை. அவற்றின் ஆண்கள் குழு அந்த அரங்கில் ஆடும். அதே மன்றத்தின் பெண்கள் குழு, அதே சட்டை, அதே சின்னம் அணிந்துகொண்டு, ஊருக்கு வெளியே ஏதோ ஒரு சிறு மன்றத்தின் திடலை வாடகைக்கு எடுத்து ஆடும். தலைமை அரங்கத்தைப் பெண்களுக்கும் பகிர்ந்து கொடுக்க வேண்டுமா என்ற வழக்கு இப்பொழுது அங்கெல்லாம் நடந்துகொண்டிருக்கிறது. அதைப் பற்றித்தான் இன்று பேச விரும்புகிறோம்.

முதலில் அந்தப் பெரியவரின் கேள்வியை எடுத்துக்கொள்வோம். கூட்டம் வருமா?

இதற்கு விடை தேட நூறு ஆண்டுகளுக்கு மேல் பின்னோக்கிப் போக வேண்டும். இங்கிலாந்தின் வடபகுதியில் பிரெஸ்டன் என்று ஓர் ஊர். அங்கே டிக் கெர் என்ற பெயருடைய தொழிற்சாலை. முதல் உலகப்போர் நடந்த காலம் அது. ஆண்கள் போர்முனைக்குப் போய்விட்டதால் பெண்கள் தொழிற்சாலைக்குள் வந்து வெடிகுண்டுச் சாமான்கள் செய்தார்கள். தேநீர் வேளையிலும் சாப்பாட்டு வேளையிலும் அவர்கள் தொழிற்சாலை முற்றத்தில் பையன்களோடு பந்து உதைத்து விளையாடினார்கள். நம் தோட்டத்து ஸ்டோருக்குப் பின்னால் வேலை முடிந்ததும் பிள்ளைகள் பந்து உதைப்பதில்லையா, அப்படித்தான். அந்த விளையாட்டிலிருந்து ஒரு குழு பிறந்தது. 1917-ஆம் ஆண்டு கிறிஸ்துமஸ் நாளன்று அந்தக் குழு தன் முதல் பெரிய ஆட்டத்தை ஆடியது. ஆடிய இடம் எது தெரியுமா? பிரெஸ்டன் நார்த் எண்ட் என்ற புகழ்பெற்ற ஆண்கள் மன்றத்தின் டீப்டேல் திடல். பார்க்க வந்தவர்கள் 10,000 பேர். வசூலான பணம் காயம்பட்ட போர்வீரர்களின் மருத்துவமனைக்குப் போயிற்று.

போர் முடிந்த பின்னும் கூட்டம் குறையவில்லை. 1920-ஆம் ஆண்டு டிசம்பரில், கிறிஸ்துமஸ் விடுமுறையில், அந்தத் தொழிற்சாலைப் பெண்கள் செயிண்ட் ஹெலன்ஸ் என்ற ஊரின் பெண்கள் குழுவோடு மோதினார்கள். ஆட்டம் நடந்த இடம் லிவர்பூல் நகரில் எவர்டன் மன்றத்தின் குடிசன் பார்க் அரங்கம். உள்ளே சென்றவர்கள் 53,000 பேர். இடமில்லாமல் வாசலிலிருந்து திரும்பியவர்கள் மேலும் பல ஆயிரம் பேர். 3,000 பவுனுக்கு மேல் வசூலாயிற்று. அன்றைய காசுக்கு அது பெருந்தொகை. அது முழுவதும் அறப்பணிக்குச் சென்றது. மறு ஆண்டு நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர்கள் வேலை மறுக்கப்பட்டு வீட்டில் பட்டினி கிடந்தபோது, அவர்களுடைய குடும்பங்களுக்காகவும் பெண்கள் குழுக்கள் ஆடிப் பணம் திரட்டிக் கொடுத்தன. வேலைநிறுத்தக் காலத்தில் அரிசிப் பானை எப்படி இருக்கும் என்று அறிந்த நம் குடும்பங்களுக்கு இதை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

அந்த நாளில் லில்லி பார் என்ற பெண் ஆடினாள். செயிண்ட் ஹெலன்ஸ் ஊரில் ஏழைத் தொழிலாளர் வீட்டில் பிறந்தவள்; பதின்ம வயதிலேயே டிக் கெர் குழுவில் சேர்ந்தாள். இடக்காலால் அவள் அடிக்கும் அடியைத் தடுக்க ஆண் காவலர்களே அஞ்சினார்கள் என்று சொல்வார்கள். முப்பது ஆண்டுகள் ஆடினாள். ஆடிய காலத்தில் பின்னர் ஒரு மனநல மருத்துவமனையில் தாதியாக வேலை பார்த்தாள். இங்கிலாந்தின் தேசியக் காற்பந்து அருங்காட்சியகம் 2002-ஆம் ஆண்டில் புகழ்பெற்ற ஆட்டக்காரர்களின் வரிசையை வகுத்தபோது, அதில் இடம்பெற்ற ஒரே பெண் அவள்தான். ஆனால் அவள் இறந்தது 1978-இல். அந்தப் பெருமையை அவள் காணவில்லை.

இவ்வளவு கூட்டம் வந்தும் என்ன ஆயிற்று? 1921-ஆம் ஆண்டு டிசம்பர் 5-ஆம் நாள் இங்கிலாந்தின் காற்பந்துச் சங்கம் கூடித் தீர்மானம் ஒன்றை நிறைவேற்றியது. காற்பந்து பெண்களுக்கு ஏற்ற ஆட்டம் அன்று. அதை ஊக்குவிக்கக் கூடாது. வசூலில் மிகுதியான பங்கு செலவுக்கே போகிறது. ஆகவே சங்கத்தில் சேர்ந்த மன்றங்கள் தங்கள் திடலைப் பெண்களுக்குக் கொடுக்கலாகாது. இதுதான் தீர்மானத்தின் சாரம்.

நேயர்கள் இதைச் சற்று உற்று நோக்க வேண்டும். பெண்கள் பந்தை உதைக்கக் கூடாது என்று அந்தச் சங்கம் சட்டம் போடவில்லை. போடவும் அதற்கு அதிகாரம் இல்லை. திடலைக் கொடுக்காதீர்கள் என்று மட்டும்தான் சொன்னது. அதுவே போதுமானதாக இருந்தது. பார்வையாளர் அமர மேடை இல்லை, சுற்றிலும் வேலி இல்லை, நுழைவுச் சீட்டு விற்க வாசல் இல்லை, உடை மாற்ற அறை இல்லை என்றால் எந்த ஆட்டம் நிலைக்கும்? பெண்கள் பொதுப் பூங்காக்களிலும் கிடைத்த வெளிகளிலும் ஆடினார்கள். டிக் கெர் குழு 1922-இல் அமெரிக்கா வரை சென்று அங்கே ஆண்கள் குழுக்களோடு ஆடிவிட்டு வந்தது. பிறகும் விடாமல் 1965 வரை பெயர் மாற்றிக்கொண்டு உயிரோடு இருந்தது. ஆனால் 53,000 பேர் கூடிய காலம் திரும்பவில்லை. அந்தத் தடை 1970-களின் தொடக்கத்தில்தான் நீங்கியது. ஏறத்தாழ ஐம்பது ஆண்டு! பாட்டி ஆடிய ஆட்டத்தைப் பேத்தி கதையாகக்கூடக் கேட்காமல் போவதற்குப் போதுமான காலம்.

ஆகவே, "கூட்டம் வருவதில்லை, அதனால் திடல் இல்லை" என்று சொல்பவர்கள் வரலாற்றைத் தலைகீழாகப் படிக்கிறார்கள். முதலில் போனது திடல். பிறகுதான் போயிற்று கூட்டம்.

இதற்கு இன்னொரு சான்றும் உண்டு. 1971-இல் மெக்சிகோ நாட்டில் பெண்களுக்கென்று ஓர் உலகப் போட்டி நடந்தது. அனைத்துலகக் காற்பந்துச் சங்கம் அதை ஏற்கவில்லை. அப்படியிருந்தும் போட்டியை நடத்தியவர்கள் துணிந்து, முந்திய ஆண்டில்தான் ஆண்களின் உலகக் கிண்ண இறுதியாட்டம் நடந்த அஸ்தெக்கா அரங்கத்தையே பெண்களுக்குத் திறந்துவிட்டார்கள். டென்மார்க்கும் மெக்சிகோவும் மோதிய இறுதியாட்டத்தைக் காண ஏறத்தாழ ஒரு லட்சத்துப் பத்தாயிரம் பேர் வந்தார்கள். டென்மார்க் 3-0 என்று வென்றது. மூன்று கோலையும் போட்டவள் பதினைந்து வயதுச் சிறுமி. இங்கிலாந்தில் அப்பொழுதுதான் தடை நீங்கிக்கொண்டிருந்தது!

இனி நம் காலத்திற்கு வருவோம். லண்டனில் ஆர்சனல் என்ற மன்றம் இருப்பது நம் இளைஞர்களுக்கு நன்றாகத் தெரியும். பலர் அதன் சட்டையை அணிந்துகொண்டு திரிகிறார்கள். அதன் எமிரேட்ஸ் அரங்கில் 60,000 பேர் அமரலாம். அந்த மன்றத்தின் பெண்கள் குழுவோ லண்டனுக்கு வெளியே போர்ஹாம் வுட் என்ற சிற்றூரில், இன்னொரு சிறு மன்றத்தின் திடலில், ஆண்டுக்கணக்காக ஆடிவந்தது. அங்கே 4,500 பேருக்குத்தான் இடம். 2022 ஜூலையில் இங்கிலாந்துப் பெண்கள் வெம்பிளி அரங்கில் 87,000 பேருக்கு முன்னால் ஜெர்மனியை வென்று ஐரோப்பியக் கிண்ணத்தைப் பெற்றார்கள். அந்தச் சூடு ஆறுவதற்குள், செப்டம்பரில், ஆர்சனல் தன் பெண்களின் ஆட்டம் ஒன்றைப் பெரிய அரங்கில் வைத்தது. 47,367 பேர் வந்தார்கள். ஆட்டங்கள் மெல்ல மெல்லக் கூடின. 2024 பிப்ரவரியில் ஓர் ஆட்டத்திற்கு 60,160 பேர் வந்தனர். சீட்டெல்லாம் முன்பே விற்றுத் தீர்ந்துவிட்டது. 2025-இல் தொடங்கிய பருவத்திற்கு, தங்கள் லீக் ஆட்டம் அத்தனையும் பெரிய அரங்கில்தான் என்று அந்த மன்றம் அறிவித்தது.

ஸ்பெயினின் பார்சிலோனாவும் அப்படித்தான். அங்கே பெண்கள் வழக்கமாக ஆடுவது 6,000 பேர் கொள்ளும் சிறு அரங்கில். 2022-ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் ஓர் ஆட்டத்தைக் கேம்ப் நோ எனும் பேரரங்கில் வைத்தபோது 91,553 பேர் வந்தார்கள். அடுத்த மாதம் இன்னோர் ஆட்டம்: 91,648 பேர். பிறகு என்ன? மீண்டும் சிறு அரங்கம்தான். திருவிழாவுக்குச் சாமி தேரில் ஏறி வீதி வந்து, மறுநாள் கர்ப்பக்கிருகத்திற்குள் போய்விடுவதுபோல!

இந்த எண்களை மட்டும் சொல்லி நாம் நிறுத்திவிட்டால், மறுபக்கத்தை மறைத்தவர்கள் ஆவோம். பகிரக் கூடாது என்று சொல்பவர்கள் எல்லோரும் கெட்ட எண்ணக்காரர்கள் அல்லர். அவர்கள் சொல்லும் காரணங்களையும் கேட்க வேண்டும்.

முதற்காரணம் புல். ஒரு திடலில் இரண்டு குழு ஆடினால் புல் செத்துப்போகும் என்கிறார்கள். புல்லைப் பற்றி நமக்கு யாரும் பாடம் சொல்ல வேண்டியதில்லை. லாலாங்கோடு போராடியே வயது போனவர்கள் நம்மில் எத்தனையோ பேர்! மழை நாளில் ஆடினால் திடல் சேறாகிவிடும் என்பது உண்மைதான். பெரிய அரங்கங்களில் இன்னொரு தொல்லையும் உண்டு. சுற்றிலும் உயரமான கூரை எழும்பிவிடுவதால் வெயில் தரையில் படுவதில்லை. ஆனால் அதற்கெல்லாம் அவர்கள் வழி கண்டுபிடித்துவிட்டார்கள். சக்கரம் வைத்த சட்டங்களில் வரிசை வரிசையாக விளக்குகளைப் பூட்டி, இரவும் பகலும் புல்லுக்கு வெளிச்சம் காட்டுகிறார்கள். மண்ணுக்குள் பிளாஸ்டிக் இழைகளைத் தையல் போடுவதுபோல் ஆழமாகத் தைத்துவிடுகிறார்கள். உண்மைப் புல்லின் வேர் அந்த இழைகளைச் சுற்றிப் பிடித்துக்கொள்கிறது. எளிதில் பெயர்ந்து வராது.

அதைவிட வலுவான மறுமொழி ஒன்று இருக்கிறது. இத்தாலியின் மிலான் நகரில் ஏ.சி. மிலான், இன்டர் மிலான் என்று இரண்டு ஆண்கள் மன்றங்கள். ஒன்றுக்கொன்று பரம வைரிகள். அவ்விரண்டும் 1947 முதல் சான் சீரோ என்ற ஒரே அரங்கத்தைப் பகிர்ந்துகொண்டு ஆடிவருகின்றன. ரோமாபுரியிலும் ரோமா, லாசியோ என்ற இரு மன்றங்கள் ஒரே அரங்கில்தான் ஆடுகின்றன. இரண்டு ஆண்கள் குழு உதைத்தால் சாகாத புல், ஒரு பெண்கள் குழு கூடுதலாக உதைத்தால் மட்டும் செத்துவிடுமா? கோடைக்காலத்தில் இதே மன்றங்களில் சில, பாட்டுக் கச்சேரிக்கு அரங்கத்தை வாடகைக்கு விடுகின்றன. மேடை போட்டு, ஆயிரக்கணக்கானவர்களை நடுத்திடலில் நிற்க வைத்து ஆட விடுகின்றன. அப்பொழுது புல்லின் நினைவு வருவதில்லை.

இரண்டாவது காரணம் செலவு. இதை நாம் அவ்வளவு எளிதாகத் தள்ள முடியவில்லை. பெரிய அரங்கத்தை ஒரு நாள் திறப்பது என்றால் வாசல்தோறும் ஆட்கள், காவல், மருத்துவ உதவி, மின்விளக்கு, துப்புரவு என்று எல்லாம் வேண்டும். ஐயாயிரம் பேர் வந்தாலும் அந்தச் செலவில் பெரும்பகுதி செய்தே தீர வேண்டும். அறுபதாயிரம் நாற்காலிகளில் ஐயாயிரம் பேர் சிதறி உட்கார்ந்தால் ஆட்டமும் களையிழந்து போகும். ஆயிரம் பேர் வந்த கல்யாணத்திற்கு எவ்வளவு பெரிய மண்டபமும் சிறியதாகத் தெரியும்; நூறு பேர் வந்த கல்யாணத்திற்கு அதே மண்டபம் இழவு வீடு. பெண் ஆட்டக்காரர்களிலேயே சிலர், நிரம்பிய சிறு அரங்கத்தின் இரைச்சல் தங்களுக்குப் பிடித்திருக்கிறது என்று சொல்லத்தான் செய்கிறார்கள். அது நியாயமான பேச்சு. மேல்தட்டுகளை மூடிவிட்டு, கீழ்த்தட்டில் மட்டும் ஆட்களை நெருக்கமாக அமர்த்துவது ஒரு வழி. இருந்தாலும் செலவு முழுவதும் போய்விடாது. முதல் சில ஆண்டுகள் மன்றம் கையிலிருந்து போட்டுத்தான் ஆக வேண்டும். ஆனால் கன்றை நட்ட அன்றே பால் வடியுமா? ரப்பர் கன்று வெட்டுக்கு வர ஐந்தாறு ஆண்டு பிடிக்கும். அதுவரை உரம் போட்டுக் களை எடுத்த செலவைக் கம்பெனி நட்டம் என்று எழுதுவதில்லையே!

மூன்றாவதாக, பெண்களுக்குச் சொந்த அரங்கமே கட்டிக் கொடுத்துவிட்டால் என்ன என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். மிக நல்லது. அமெரிக்காவின் கான்சஸ் சிட்டியில் 2024 மார்ச்சு மாதம் 11,500 இருக்கைகளோடு அப்படி ஓர் அரங்கம் திறந்தார்கள். தொழில்முறைப் பெண்கள் குழு ஒன்றுக்கென்றே கட்டப்பட்ட முதல் அரங்கம் அதுதான் என்று சொல்கிறார்கள். அதன் தேதிப் பட்டியலில் பெண்களை முந்திக்கொள்ள அந்த மன்றத்தில் ஆண்கள் குழு கிடையாது. அப்படிக் கட்டக்கூடியவர்கள் கட்டட்டும். ஆனால் தனிவீடு என்று சொல்லிக் கொட்டகையைக் காட்டக் கூடாது. தனிவீடு கட்டி முடியும் வரை பெரிய வீட்டில் ஓர் அறை கொடுக்கவும் மறுக்கக் கூடாது.

இங்கே எவர்டன் மன்றத்தின் கதையை மீண்டும் எடுக்க வேண்டியிருக்கிறது. 53,000 பேர் கூடிய அதே குடிசன் பார்க்கைத்தான் சொல்கிறோம். அந்த மன்றத்தின் பெண்கள் குழு அண்மைக் காலத்தில் ஆடிவந்தது, குடிசன் பார்க்குக்கு அருகிலேயே உள்ள ஒரு பூங்காவின் சிறு திடலில். அங்கே இடம் 2,200 பேருக்கு. ஆண்கள் குழுவுக்காகக் கப்பல்துறை ஓரத்தில் புதிய அரங்கம் கட்டினார்கள். பழைய குடிசனை இடித்துவிட்டு வீடுகள் கட்டுவதாகத்தான் முதலில் திட்டம். பிறகு மனம் மாறி, 2025 மே மாதத்தில், அதைப் பெண்கள் குழுவின் சொந்த அரங்கமாக ஆக்குவதாக அறிவித்தார்கள். அதே மாதம் 18-ஆம் நாள் ஆண்கள் அங்கே தங்கள் கடைசி ஆட்டத்தை ஆடிவிட்டுப் புறப்பட்டார்கள். அடுத்த பருவத்திலிருந்து பெண்கள் உள்ளே வந்தார்கள்.

இதைக் கேட்ட சிலர், அண்ணன் போட்டுக் கழித்த சட்டையைத் தங்கைக்குக் கொடுப்பதுபோல் இருக்கிறது என்று சொல்லக்கூடும். அதில் கொஞ்சம் உண்மையும் இருக்கலாம். 1892-இல் திறந்த அரங்கம் அது. ஆனால் நாம் வேறு விதமாகப் பார்க்கிறோம். எந்த வாசலை 1921-இல் பூட்டினார்களோ அதே வாசலின் சாவி இன்று பெண்கள் கையில் இருக்கிறது. இருக்கைகள் எல்லாம் உடனே நிரம்ப வேண்டும் என்பதில்லை. பூட்டிய ஐம்பது ஆண்டுக்குப் பதிலாக நிரப்புவதற்குப் பத்து ஆண்டாவது தவணை கொடுக்க வேண்டாமா?

அப்படியானால் பகிர்வது என்றால் என்ன? வாசலைத் திறந்துவிட்டால் போதுமா? போதாது. நம் லயத்துக் குழாயடியை எண்ணிப் பாருங்கள். தண்ணீர் எல்லோருக்கும் பொது என்று எழுதி மாட்டிவிட்டால் எல்லோருக்கும் தண்ணீர் கிடைத்துவிடுமா? முறை வேண்டும். யாருடைய குடத்திற்குப் பிறகு யாருடைய குடம் என்று முறை இல்லாத இடத்தில், வலுத்தவர் குடம்தான் முதலில் நிரம்பும். அரங்கமும் அப்படியே. பருவம் தொடங்கும் முன்பே, ஆண்களின் ஆட்டத் தேதிகளை எழுதும் அதே தாளில் பெண்களின் தேதிகளையும் எழுத வேண்டும். கிண்ணப் போட்டி வந்தது, தொலைக்காட்சிக்காரர் நேரம் மாற்றினார் என்று ஒவ்வொரு முறையும் பெண்களின் ஆட்டத்தையே நகர்த்தினால், எந்தக் குடும்பம் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு வரும்? உடை மாற்றும் அறை, மருத்துவ அறை, குளிக்கும் அறை எல்லாம் முழுமையாகக் கிடைக்க வேண்டும். இன்னொன்றையும் சொல்ல வேண்டும். வானொலியில் சொல்வதற்குக் கூச்சம் ஏன்? ஆண்களையே எண்ணிக் கட்டிய அரங்கங்களில் பெண்களுக்கான கழிப்பறைகள் மிகக் குறைவு. பெண்களின் ஆட்டத்தைக் காண வருபவர்களிலோ தாய்மாரும் சிறுமியரும் மிகுதி. கைக்குழந்தையோடு நீண்ட வரிசையில் நின்ற தாய் அடுத்த ஆட்டத்திற்கு வருவாளா? கூட்டம் குறைகிறது என்று கணக்குப் பார்ப்பவர்கள் இந்த வரிசையையும் எண்ணிப் பார்க்க வேண்டும்.

நம் நாட்டிலும் பெண்கள் காற்பந்து நேற்று முளைத்தது அன்று. 1975-ஆம் ஆண்டு ஹாங்காங்கில் ஆசியப் பெண்களுக்கான முதல் போட்டி நடந்தபோது மலேசியக் குழுவும் சென்று ஆடியது. மறு ஆண்டே, 1976-இல், துன் ஷரிஃபா ரொட்சியா கிண்ணம் என்ற பெயரில் மாநிலங்களுக்கிடையே பெண்கள் போட்டி தொடங்கிவிட்டது. நம் முதல் பிரதமர் துங்குவின் துணைவியார் பெயரால் அமைந்த கிண்ணம் அது. அந்தக் கிண்ணத்துக்காக ஆடிய பெண்களில் பலர் இன்று பாட்டிமார். "பெண்பிள்ளைக்குப் பந்து எதற்கு?" என்று கேட்கும் வீடுகளில் இதைச் சொல்லிப் பார்க்கலாம்.

தோட்டத்துத் திடலுக்கும் எமிரேட்ஸ் அரங்கத்துக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள தூரம். அங்கே கோடிக்கணக்கில் பணம் புரள்கிறது. இங்கே கோல் வலை வாங்கவே தீபாவளிக்கு முன் வசூல் செய்ய வேண்டும். இன்று பல தோட்டங்களே துண்டாடப்பட்டு மறைந்துவிட்டன. தாமான்களுக்குக் குடிபெயர்ந்த நம் குடும்பங்களுக்குத் திடல் என்பதே அரிதாகிவிட்டது. இருக்கிற ஒரே திடலை இளைஞர்கள் விட்டுக்கொடுக்கத் தயங்குவதும் நமக்குப் புரிகிறது. நாள் முழுவதும் வேலை செய்துவிட்டு மாலையில் ஒரு மணி நேரம் பந்து உதைப்பதுதான் அவர்களுக்கும் இருக்கும் ஒரே இன்பம். அந்த இன்பத்தைப் பறிக்க வேண்டும் என்று நாம் சொல்லவில்லை. வாரத்தில் ஏழு மாலைகள் இருக்கின்றன.

விளையாட்டு விழா முடிந்து, பரிசுகள் கொடுத்து, மைலோவும் பிஸ்கட்டும் சாப்பிட்டு நாம் காரில் ஏறும்போது இருட்டிவிட்டது. விளையாட்டு மன்றத்துப் பெரியவர் வழியனுப்ப வந்தார். பெண்பிள்ளைகளின் ஆட்டத்தை அவர் மறந்துவிடவில்லை. "அடுத்த தடவை பார்க்கலாம், பெரிய திடலிலேயே வைத்துவிடலாம்" என்றார். மனதாரத்தான் சொன்னார். காலில் கட்டோடு நின்ற மகளின் தோளில் கை வைத்தபடி அந்தத் தாயாரும் அங்கே இருந்தார்.

"அண்ணே, பார்க்கலாம்னு சொன்னா போதாது. கிழமையைச் சொல்லுங்க. நோட்டுப் புத்தகத்துல எழுதுங்க" என்றார்.

பெரியவர் சிரித்தார். நோட்டுப் புத்தகம் இல்லை என்றார். தோட்டத்திலிருந்து திரும்பிய மறுநாளே நாற்பது பக்க நோட்டுப் புத்தகம் ஒன்றும் ஒரு பேனாவும் தபாலில் அனுப்பிவைத்தோம். முதல் பக்கத்தில் ஏழு கிழமைகளையும் எழுதி, கோடு போட்டு, எதிரே இடம் விட்டிருக்கிறோம்.